ஆறாம் பக்கத்து அடுப்பு

நவம்பர் 4

மூன்று மாதமாக நாட்குறிப்பு எழுதவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு நோட்டை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாததுதான் காரணம். இன்று இடம் கிடைத்துவிட்டது. சமையலறை மேல்தட்டில், இட்லிக் கொப்பரைக்குள். பேக்கரிக்காரர் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை.

தூத்துக்குடியில் இப்போது பிடிவாதமான மழை. வீட்டின் முன்பாதி பேக்கரி, பின்பாதியில் நாங்கள் மூன்று பேர். தனசிங் அத்தானுக்கு இது இரண்டாம் கல்யாணம், எனக்கு முதல். ஏன் சம்மதித்தாய் என்று என் ஊர் பாளையங்கோட்டையில் பலர் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொன்னேன். எதுவும் பொய்யில்லை. எங்களில் மூன்றாவது ஆள் பியூலா. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அவள் அம்மா ஷீபா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல், ஐந்து நாள், அவ்வளவுதான்.

பியூலா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேராகப் பேசுவதும் இல்லை. மரியாதைக்குக் குறைவு கிடையாது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "அப்பா, இவியள இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லுங்க" என்பாள். 'இவிய' என்றால் இவர்கள், அதாவது நான். வைப்பேன். "போதும்னு சொல்லுங்க" என்பாள்.

ஷீபாவின் அக்கா ஜெபா நாகர்கோவிலில் இருக்கிறார். பள்ளிக்கூட டீச்சர். குழந்தை இல்லை. தங்கை போனபின் பியூலாவை ஒன்றரை வருஷம் வளர்த்தது அவர்தான். எங்கள் கல்யாணப் பந்தியிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். பிள்ளைக்கு இங்க ஒத்துப்போவலன்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன், கேட்டியளா." அத்தான் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

நியாயமான ஏற்பாடு. பிள்ளைக்கு எது நல்லதோ அது நடக்கட்டும். இதில் எனக்கென்று தனியாக எந்த ஆசையும் இல்லை.

நவம்பர் 7

மக்ரூன் போடுகிற நாள். மக்ரூனுக்கு முந்திரித்தூள், சீனியோடு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் போதும். மஞ்சள் கரு பேசினில் மிஞ்சுகிறது. அது பின்சந்துப் பூனைக்கு எப்படித் தெரிகிறதோ, சரியாக வெள்ளைக்கரு நுரைத்து வரும் நேரத்துக்கு ஜன்னலுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியது.

"பூன உள்ள வந்துச்சுன்னா என் தொழிலு போச்சு மைனி" என்றார் சுடலைமுத்து மாஸ்டர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அண்ணாச்சி பெண்டாட்டி மைனிதான். "வெளிய நின்னு பாக்குததுக்கு நான் என்ன வரியா போட முடியும்?"

ஜன்னலடியில் குத்தவைத்திருந்த பியூலா சொன்னாள்: "மாஸ்டர், இது இப்படிப் பாத்துப் பாத்தே மக்ரூன் சுடப் படிச்சிரும்."

"படிச்சா நான் ரெண்டு நாள் லீவு போட்டுக்கிடுவேன்."

மத்தியானம் கேக் பெட்டி மூடி ஒன்றின் உட்புறத்தில் அந்தப் பூனையை வரைந்தேன். மாஸ்டர் மாதிரியே மடித்துக் கட்டிய லுங்கிச் சாரம், தலையில் துண்டு, கையில் ஒரு தட்டு மக்ரூன். மேசையில் மறந்துவிட்டதுபோல் வைத்தேன். சாயங்காலம் மூடி இல்லை. விளக்கு வைக்கும் நேரம் திரும்பி வந்திருந்தது. பூனை பச்சை, சாரம் சிவப்பு.

நவம்பர் 8

ஒன்பது பூனைகள் வரைந்தேன். பொழுது போகவில்லை.

நவம்பர் 12

சாப்பாட்டு மேசையில் நடந்தது, அப்படியே:

"அப்பா, இவியட்ட சொல்லுங்க, மீச ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு இருக்கு."

அத்தான் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "லிடியா, மீச..."

"கேட்டுது. அடுப்புப் பக்கத்துலயே நின்னதுல ஒரு மீச கருகிட்டுன்னு சொல்லுங்க."

"பியூலா, அடுப்புப் பக்கத்துல..."

"எனக்குக் கேட்டுச்சுப்பா." கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா அதுக்குக் கைத்துணி குடுக்கச் சொல்லுங்க. மாஸ்டர் துணி பிடிச்சுத்தான் தட்ட எடுப்பாவ."

"எந்தத் துணின்னு கேளுங்க. கோடு போட்டதா, கட்டம் போட்டதா?"

"எம்மா, எனக்குச் சோறு ஆறுது" என்றார் அத்தான். "ரெண்டு பேரும் ஒரே மேசையிலதான இருக்கிய?"

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். அவர் பெருமூச்சு விட்டு, "கட்டம் போட்டதா, கோடு போட்டதா?" என்று பிள்ளையைக் கேட்டார்.

கட்டம்.

பூனைக்குப் பெயரும் வைத்தாயிற்று. ரஸ்க்கு.

நவம்பர் 19

கிறிஸ்துமஸ் கேக் வாங்குகிற வீடுகளில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கலாமே என்று அத்தானிடம் சொன்னேன். ரஸ்க்கு மாவு சலிப்பது, முட்டை உடைப்பது, கேக்குக்கு ஐசிங் வைப்பது. வண்ணம் தீட்ட எட்டுப் படம். வெட்டி ஒட்ட எட்டு: தொப்பி, அடுப்பு, மக்ரூன் தட்டு, நட்சத்திரம், கேக் பெட்டி, இன்ன பிற. அத்தான், "பதினாறு பக்கமா? நீயேவா?" என்று கேட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படிப் பார்ப்பது அவருக்கு வழக்கமில்லை.

எட்டு வருஷம் அச்சகத்தில் பக்கம் அமைத்தவளுக்கு இது ஒரு வார வேலை. கல்யாணப் பத்திரிகை, பள்ளி மலர், பாட்டுப் புத்தகம் என்று ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான். வெறும் பக்கம் விடக் கூடாது. மிஞ்சினால் ஒரு பூவையாவது போட்டு நிரப்ப வேண்டும். காகிதத்தின் முதுகு காலியாக இருந்தால் முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்காது. எனக்கும் அது பழகிவிட்டது. ஆகவே ஒற்றைப் பக்கமெல்லாம் படம், இரட்டைப் பக்கமெல்லாம் கைவேலை. நெருக்கமாக, அழகாக உட்கார்ந்தது.

என் புத்தகங்கள் இரண்டு டிரங்குப் பெட்டியில் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. அலமாரி வாங்கவா என்று அத்தான் மறுபடி கேட்டார். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன்.

நவம்பர் 26

புத்தகம் அச்சாகி வந்தது. மை வாசனை எனக்கு ஊர் வாசனை. முதல் பிரதியைப் பியூலாவின் பள்ளிக்கூடப் பைமேல் வைத்தேன். எடுத்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்து, "பதினாறு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு கிரயான் டப்பாவுடன் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மாஸ்டருக்குத்தான் மனத்தாங்கல். "சாரம் இவ்வளவு மேலயா மைனி கட்டுதேன்?"

நவம்பர் 29

நான்கு நாளாக ஐந்தாம் பக்கத்திலேயே இருக்கிறாள். அதில் ரஸ்க்கு அடுப்பு முன்னால் தட்டோடு நிற்கும். நான் கிட்டே போனால் முழங்கையை வைத்து மறைக்கிறாள். இன்று கடந்து போகும்போது வேண்டுமென்றே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். தன் காரியத்தை ஒளித்துச் செய்ய ஆசைப்படுபவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் ஒரு கொப்பரைக்குள் எழுதுகிறவள்தானே.

மாஸ்டர் ஒற்று சொன்னார்: "ஆரஞ்சு கலரு கிரயான் தேஞ்சே போச்சு மைனி. பூனைக்கு ஏன் இவ்வளவு ஆரஞ்சுன்னு கேட்டேன். பேசாதிய மாஸ்டர்னுட்டா."

டிசம்பர் 2

எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையில் ரிக்‌ஷாவுக்கு நிற்கும்போது பியூலா அப்பாவிடம், "இவியள அந்த அடுப்பச் செஞ்சு வைக்கச் சொல்லுங்க. நான் கலர் அடிச்சிட்டேன்" என்றாள். என்னிடம் அவள் கேட்ட முதல் காரியம். அப்பளம் கணக்கில் சேராது.

உள்ளே வந்து பார்த்தேன். புத்தகம் ஆறாம் பக்கத்தில் விரித்து, மேலே கத்தரிக்கோல் வைத்து, மேசையில் இருந்தது. அடுப்பின் ஒவ்வொரு செங்கலுக்கும் தனித்தனியாகச் செம்மண் நிறம் அடித்திருந்தாள். அதற்கு முந்தின பக்கம்தான் அவள் முழங்கையால் மறைத்த பக்கம் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே திருப்பவில்லை. அவளாகக் காட்டாததைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். அந்தத் தாளைக் குனிந்த தலை நிமிராமல், கோடு பிசகாமல் வெட்டினேன். வாய்ப்பகுதியைக் குடைந்து எடுத்தேன். தாளைத் திருப்பாமலே பின்னுக்கு மடித்தேன். பசையை அதிகம் வைத்துவிட்டேன், எப்போதும்போல. ஆனால் அடுப்பு நின்றது. ஜன்னலோரம் வைத்துவிட்டு, எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நாலே கால் மணிக்கு வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் பையைக் கழற்றாமலே ஓடினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு காகித மக்ரூனை உள்ளே தள்ளப் போனவள், அடுப்பின் வாய் வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலைவிட்டுப் பக்கச்சுவரைக் கொஞ்சம் பிரித்தாள். உள்ளே, தாளின் முதுகில், ஆரஞ்சு நிறம். ஒரு புடவையின் மடிப்பு. கறுப்பு வாட்ச் கட்டிய ஒரு கை. நீளச் சடையின் நுனி.

ரஸ்க்குப் பூனையை அவள் பூனையாக விட்டுவைக்கவில்லை. சாரத்தின் மேல் சேலை கட்டிவிட்டிருந்தாள். காது மட்டும் பூனைக் காது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவைத் தேடவில்லை.

"இது எங்கம்மா" என்றாள்.

என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

டிசம்பர் 3

சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் போனாள். அழவில்லை. அழுதிருக்கலாம்.

டிசம்பர் 4

இன்று கடையில் மூன்று புகார்.

பால்பண்ணைத் தெரு அம்மா ஒருத்தி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மாஸ்டரிடம்: "எம் மவ தொப்பி செஞ்சா. நல்லாத்தான் இருக்கு. திருப்பிப் பாத்தா பூனைக்கு வால் இல்ல. நேத்திலிருந்து ஒரே அழுகை. என்ன புக்கு போட்டிருக்கிய?"

மகள் விசும்பிக்கொண்டே தொப்பியைக் காட்டினாள். அவள் தலைக்கு மேல் பாதிப் பூனை.

"மைனி" என்று உள்ளே குரல் கொடுத்தார் மாஸ்டர், "முன்னால கேக்கு, பின்னால கொலையா?"

அத்தான் சிரித்துவிட்டார். வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கடை மூடுமுன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு ஆரஞ்சுல ஒரு சேல இருந்துச்சு" என்றார். "கிறிஸ்மஸ் வேலைக்கு அதத்தான் உடுத்துவா. மாவு பட்டாலும் தெரியாதுன்னு."

ஷீபாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

"வாட்ச வலது கையில கட்டுவாவளா?"

"ஆமா. எடதுகைப் பழக்கம். ஒனக்கு யாரு சொன்னா?"

"பியூலா வரஞ்சிருக்கா. வலது கையில."

அத்தான் எழுந்து போய் பீரோவைத் திறந்து, துணிக்கடியிலிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்துவந்தார். ஹாலில் ஆணியடித்த இடம் வெறுமையாக இருப்பதை நான்கு மாதமாகத் தினமும் பெருக்கும்போது பார்த்திருக்கிறேன். காலண்டருக்கு என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

"ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு எடுத்து வச்சேன்" என்றார்.

"நான் கேட்டனா?"

"கேக்கல."

"பிள்ள கேட்டாளா?"

படத்தை நானே மாட்டினேன். உருண்டை முகம், சிரிக்கப் போகிற வாய். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பியூலா எட்டிப் பார்த்தாள். "சாஞ்சிருக்கு" என்றாள். நேராக்கினேன். "இப்பம் சரி."

டிசம்பர் 6

சனிக்கிழமை. அடுப்பைப் பிரித்துத் திரும்பப் படமாக்க முடியுமா என்று பார்த்தோம். 'தோம்' என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தான் நடந்தது. நான் தனியாகத்தான் ஆரம்பித்தேன். ஈரத்துணியால் பசையை நெகிழவைத்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு நாற்காலி இழுபட்டது.

"இழுக்கக் கூடாது. கிழிஞ்சிரும். ஊதணும்" என்றாள்.

ஊதினேன்.

"இவ்வளவு பசை எதுக்கு வச்சிய? மிஸ் பாத்தா அடிப்பாவ."

"தப்புதான்."

"ஓரத்துல மட்டும் தேச்சாப் போதும்."

ஒரு பழைய காலண்டர் அட்டையில் துண்டுகளைச் சேர்த்து வைத்தோம். எல்லாம் பொருந்தவில்லை. அடுப்பின் வாய்க்காகக் குடைந்து எடுத்த துண்டைக் குப்பையோடு போட்டிருக்கிறேன். சேலையின் நடுவே பிறை மாதிரி ஓர் ஓட்டை. புதுப் பிரதி தருகிறேன், முதலிலிருந்து அடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அது வேற பூன" என்றாள்.

ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். நான் அதைச் சுற்றிப் பசை தேய்த்தேன். ஓரத்தில் மட்டும்.

டிசம்பர் 9

புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம்தான். முதுகு வெறுமை. அச்சகத்துத் தம்பி ஃபோனில் இரண்டு தடவை கேட்டான், "பின்னால ஒண்ணுமே இல்லியேக்கா, ஃபைல் சரியா?" சரிதான் என்றேன். வாய் கூசியது. ஒரு பூவையாவது போட்டிருப்பேன், பியூலா விடவில்லை.

டிசம்பர் 14

ஜெபா அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் ஃபோன் பண்ணுவார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையிடம் கொடுப்பார். இன்று கேக்குக்குப் பழம் நறுக்கிக்கொண்டு நான் அங்கேயே இருந்தேன்.

"என்ன விசேஷம் மக்ளே?"

"பெரியம்மா, அம்மாவ வெட்டிட்டாவ."

"யாரு?"

"இவிய."

அத்தான் ஃபோனுக்குக் கை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். நடந்ததை விளக்கியிருக்கலாம். பக்கம், முதுகு, பசை என்று. ஆனால் பிள்ளை சொன்னதில் எந்த வார்த்தை பொய்?

"பெரியம்மா கிறிஸ்மஸ் மறுநாளு வாரேன்" என்றார் ஜெபா அக்கா. குரல் மெதுவாக, மிகக் கவனமாக இருந்தது. "பையெல்லாம் எடுத்து வை மக்ளே. கேட்டியா?"

"சரி பெரியம்மா."

முந்திரியோடு விரலையும் நறுக்கிக்கொண்டேன். பெரிய காயமில்லை.

டிசம்பர் 20

கடையில் நிற்க இடமில்லை. நாளைக்குள் நூறு கேக். பியூலாவுக்குத் தேர்வு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புதுப் புத்தகம் வாங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடம் எடுக்கிறாள். "இது கலர் அடிக்க. இது வெட்ட. இதுக்குப் பின்னால ஒண்ணுமில்ல, பயப்படாண்டாம்." பால்பண்ணைத் தெருச் சிறுமிக்கு வால் உள்ள பூனை கிடைத்துவிட்டது.

பெட்டி மடிக்கும்போது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. நான் மடித்துக் கொடுப்பேன், அவள் ரிப்பன் வைப்பாள். இன்று நான் பிந்தியபோது தட்டாமல், கூப்பிடாமல், என் முழங்கையை ரிப்பன் நுனியால் சுரண்டினாள்.

ஆறு நாள் இருக்கிறது. எண்ணவில்லை. நாட்காட்டி கண்ணில் படுகிறது.

டிசம்பர் 25

விடியற்காலை நாலு மணி ஆராதனைக்குப் போனோம். பியூலாவுக்கு நான் எடுத்த பாவாடை கொஞ்சம் நீளம். வருகிற வருஷத்துக்கும் ஆகும் என்று பக்கத்து பெஞ்சு அம்மா சொன்னாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 26

ஜெபா அக்கா பத்து மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு காலிப் பெட்டி. பிள்ளை துணிக்கு.

ஹாலில் நுழைந்ததும் ஷீபாவின் படத்தின் முன் நின்றார். "இது திரும்ப எப்பம் மாட்டினிய?" என்று அத்தானைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். ஜெபா அக்காவும் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் வந்து, அலமாரியில் சாய்த்துவைத்திருந்த காலண்டர் அட்டையைக் கையில் எடுத்தார்.

"இதா வெட்டுன படம்?"

"ஆமாக்கா."

"தெரியாமச் செஞ்சதுன்னு மாஸ்டர் இப்பம் சொன்னாரு. நீ ஃபோன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"வெட்டுனது நான்தானக்கா."

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "பூனக் காது வச்சிருக்கா எந்தங்கச்சிக்கு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் கெட்டுப்போனது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "வாட்சும் கரெக்டாட்டு வலது கையில போட்டிருக்கா பாரு" என்றார் முதுகுக்குப் பின்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நல்ல பெண்மணி. அவரை வெறுக்க முடிந்தால் சுலபமாக இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை மடியில் இருத்திக் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"பெரியம்மாகூட வாரியா மக்ளே?"

"வாரேன்" என்றாள் பியூலா. உடனே.

"லீவுக்கா, இல்ல ஒரேயடியாவா?"

"அங்க வந்து சொல்லுதேன்."

"அங்கயும் நல்ல ஸ்கூலு இருக்கு, தெரியும்லா?"

"தெரியும்."

அத்தான் எழுந்து கடைக்குள் போய்விட்டார். நான் ஒரு டம்ளரைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்.

பெட்டியை நான்தான் அடுக்கினேன். உள்ளாடை, ஸ்வெட்டர், அந்த நீளப் பாவாடை. ரஸ்க்குப் புத்தகத்தையும் வைத்தேன். பியூலா அதை எடுத்து மேசையில் திரும்ப வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும்." ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்றை நம்பி மற்றதைத் தாங்குவதற்கு எனக்குத் தெம்பில்லை.

மூன்று மணி பஸ். ஜன்னலுக்குள்ளிருந்து கையாட்டினாள், அப்பாவைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று சரியாகத் தெரியாதபடி.

டிசம்பர் 28

மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டேன். அத்தான் மூன்றாவதை எடுத்து உள்ளே வைத்தார்.

டிசம்பர் 29

மக்ரூன். சாம்பல் பூனை வந்தது. மஞ்சள் கரு வைத்தேன். ஒரு நக்கு நக்கிவிட்டு, ஜன்னலடியில் யாரும் குத்தவைத்திருக்கவில்லையே என்பதுபோல் அங்கேயே நின்றது. "பிள்ள இல்லாம இதுக்கே இறங்கல" என்றார் மாஸ்டர். அவர் பூனையைப் பற்றித்தான் சொன்னார்.

டிசம்பர் 31

ஜெபா அக்காவின் ஃபோன். அத்தானுக்கு இல்லை, எனக்கு.

"லிடியா, ஒண்ணு கேக்கணும். இந்த 'இவிய'ன்னா யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லுதா. இவிய சப்பாத்தி வட்டமா இருக்கும். இவிய தலை பின்னுனா வலிக்காது. இவியளுக்குப் பசை வைக்க வராது, பாவம், நான்தான் சொல்லிக் குடுக்கேன். நேத்து ஒரு பூன வரைஞ்சு குடுத்தேன். பாத்துட்டு, இவிய வரஞ்சா பூன சிரிக்கும் பெரியம்மா, இது சும்மா பாக்குதுன்னு சொல்லுதா."

"நான்தான் அக்கா" என்றேன்.

"தெரியும் பிள்ளே. சும்மா கேட்டேன்."

அவர் வீட்டுக் குக்கர் விசில் இங்கே கேட்டது.

"மூணாந் தேதி வாரேன். நேர்ல பேசுவோம்."

"பியூலா என்ன சொன்னா?"

"மூணாந் தேதி வாரேன்னு சொன்னேம்லா" என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 1

எனக்கு ஆசை இல்லை என்று நவம்பரில் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 3

நாகர்கோவில் பஸ் நாலு மணிக்கு என்றார்கள். மூன்றுக்கே போய்விட்டேன். அத்தான் கடையை விட்டு வர முடியவில்லை. முடிந்திருக்கும், ஆனால் பயந்தார்.

நாலே முக்காலுக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். பலாப்பழக் கூடைக்காரர் இறங்கினார். கடைசியாக ஜெபா அக்கா, படியில் பக்கவாட்டாகக் காலை வைத்து, தோளில் பிள்ளையோடு. பியூலா நல்ல தூக்கத்தில் இருந்தாள். கண்டக்டர் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அதே பெட்டி. முழுசாக, துணியோடு.

"வள்ளியூர்ல ஒறங்குனவ" என்றார் ஜெபா அக்கா. வெயிலில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "கேட்டேன் லிடியா. ஒரேயடியாட்டு எங்க இருக்கப் போறன்னு. லீவுன்னா பெரியம்மாட்ட, ஸ்கூலுன்னா தூத்துக்குடியிலன்னு சொன்னா. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கவே இல்ல. அதுதான் எனக்கு வருத்தமாட்டு இருந்துச்சு."

ஆறுதலாக எதையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று பட்டது. இத்தனை புத்தகம் படித்தும் ஒரு வரி வரவில்லை.

"லீவெல்லாம் உங்களுக்குத்தான் அக்கா."

"பெரிய லீவுல ஒரு நாளு கொறையப்பிடாது, கேட்டியா."

"குறையாது."

"சனி ஞாயிறு நான் வருவேன். ஃபோன் பண்ணிட்டெல்லாம் வரமாட்டேன்."

"வாங்க."

"ம்" என்றார். "வாங்கிக்க. கை வலிக்கி."

ஆனால் உடனே தரவில்லை. பிள்ளையின் தலையை ஒரு கையால் அழுத்தி, கன்னத்தைத் தன் கழுத்தோடு வைத்துக்கொண்டு, பஸ் ஒன்று பின்வாங்கித் திரும்பிப் போகும்வரை நின்றார். பிறகு என் தோளுக்கு மாற்றினார். தூங்குகிற பிள்ளை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பு சூடாக, கழுத்தெல்லாம் வேர்த்து, நேந்திரங்காய் சிப்ஸ் வாசனையாக இருந்தாள்.

மாற்றியதில் விழித்துக்கொண்டாள். தலையைத் தூக்கி, யார் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, கன்னத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.